எலியில் ஏறிய ஆன்டிபாடி எச்ஐவி தடுப்பூசி ஆகுமா?

போன மாதம் ஓர் ஆராய்ச்சியாளர் காப்புரிமை வரைவு ஒன்றை அனுப்பியிருந்தார். முதல் கிளெய்மே (உரிமை கோரும் வாசகம்) ‘எச்ஐவி தொற்றைத் தடுக்கும் டிஎன்ஏ தடுப்பூசி’. பின்னால் புரட்டினால் ஆறு எலிகள், தசையில் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) ஊசி, எலைசா என்ற ரத்தச் சோதனையில் ஆன்டிபாடி ஏறியதைக் காட்டும் ஒரு வரைபடம். அவ்வளவுதான்.

“வேலை நன்றாக வந்திருக்கிறது சார். ‘தடுக்கும்’ என்பதை மட்டும் எடுத்துவிடலாமா?” என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

சாதாரண எலிக்கு எச்ஐவி தொற்றவே தொற்றாது. அதன் செல்லுக்குள் அந்த வைரஸால் நுழைய முடியாது. தொற்றாத நோயிலிருந்து எலியைக் காப்பாற்றினோம் என்று எப்படிக் காட்டுவது? எச்ஐவியின் உறவுக்கார வைரஸ்களான குரங்கின் எஸ்ஐவி, பூனையின் எஃப்ஐவி என்று மாற்று மாதிரிகள் உண்டு. ஆனால் அவருடைய வரைவில் அவை இல்லை.

அவர் அமெரிக்காவிலும் விண்ணப்பிக்க நினைக்கிறார். அங்கே காப்புரிமைச் சட்டத்தின் 112-வது பிரிவு கேட்பது இதுதான்: துறை தெரிந்த ஒருவர் உங்கள் விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) படித்து, அளவுக்கு மீறிய பரிசோதனை இல்லாமல் அதைச் செய்யவும் பயன்படுத்தவும் முடிய வேண்டும். பிளாஸ்மிட்டைச் செய்வது இன்று பெரிய காரியமில்லை. ‘பயன்படுத்த’ என்ற இடத்தில்தான் விண்ணப்பம் தடுக்கி விழுகிறது. அளவு மீறியதா என்று பார்க்க 1988-ல் வாண்ட்ஸ் என்ற காப்புரிமை வழக்கின் தீர்ப்பு எட்டு அம்சங்களைச் சொன்னது. துறை எவ்வளவு கணிக்க முடியாதது என்பதும் அதில் ஒன்று. எச்ஐவி விஷயத்தில் அதுவே பெரிய தடை.

1993-ன் ரைட் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். ரைட் என்ற விண்ணப்பதாரர் கோழியைத் தாக்கும் ஒரு வைரஸுக்குத் தடுப்பூசி செய்து காட்டினார். கிளெய்மிலோ ஆர்என்ஏ வைரஸ்கள் பலவற்றையும் அள்ளிக்கொண்டார், எய்ட்ஸ் வைரஸ் உட்பட. ஒரு கோழி வைரஸில் கிடைத்த வெற்றி அத்தனைக்கும் பொருந்தும் என்று நம்ப இடமில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பின்னால் வந்த முன்னேற்றமும் கைகொடுக்கவில்லை. விண்ணப்பித்த நாளில் என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கணக்கு.

“ஜைகோவ்-டி டிஎன்ஏ தடுப்பூசிதானே, 2021-ல் அனுமதி கிடைத்ததே?” என்று நம் ஆராய்ச்சியாளர் கேட்டார். சரி, ஆனால் அது கோவிட்டுக்கு. எச்ஐவி ஓயாமல் உருமாறும். நம் செல்லின் மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் டிஎன்ஏ ஊசி, அப்புறம் அடினோவைரஸில் ஏற்றிய ஊசி என்று சுமார் 2,500 பேரிடம் அமெரிக்காவில் நடந்த எச்விடிஎன் 505 ஆய்வில், பாதுகாப்புப் பலன் இல்லை என்று 2013-ல் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். காப்புரிமைப் பரிசோதகர் அதை எடுத்து நீட்ட ஐந்து நிமிடம் ஆகாது.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவும் கிட்டத்தட்ட இதையே கேட்கிறது. கூடவே, உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையையும் சொல்லியாக வேண்டும். எனவே எந்த ஜீன், எந்த புரொமோட்டர் (ஜீனை இயக்கும் டிஎன்ஏ பகுதி), எத்தனை மைக்ரோகிராம், எந்த வழியில், எத்தனை வார இடைவெளியில் என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். புரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போட்டால் முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். அதற்குள் குரங்குத் தரவு வந்தால் சேர்க்கலாம். ஆனால் புதிதாகச் சேர்த்ததற்குப் புரொவிஷனல் போட்ட பழைய தேதி கிடைக்காது.

கடைசியில் கிளெய்ம் ‘எச்ஐவிக்கு எதிரான நோயெதிர்ப்பு வினையைத் தூண்டும் கலவை’ என்று மாறியது. தலைப்பில் மட்டும் ‘தடுப்பூசி’ அப்படியே இருக்கிறது. அதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்கிறார்.