வரித்துறையே எழுதிக் கொடுத்தாலும்…

"டிபார்ட்மென்ட்டே எழுத்துல கொடுத்திருக்கே சார், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கும் கிளையன்ட்களிடம் நான் எடுத்து வைப்பது அயர்லாந்து–ஆப்பிள் வழக்கைத்தான்.

1991லும் 2007லும் ஆப்பிளின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு அயர்லாந்து வரித்துறை கொடுத்த முன்தீர்ப்புகள் (வரியை இப்படித்தான் கணக்கிடுவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கடிதங்கள்) சட்டவிரோத அரசு உதவி, அதாவது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அரசு காட்டிய சலுகை, அதனால் 1,300 கோடி யூரோ வரை வட்டியோடு வசூலியுங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2016 ஆகஸ்ட் 30 அன்று அயர்லாந்திடம் சொன்னது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அயர்லாந்து அரசோ வேண்டவே வேண்டாம் என்றது! யாருக்கும் தனிச்சலுகை தரவில்லை, வரவேண்டிய வரி வந்துவிட்டது, எங்கள் வரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேல்முறையீட்டுக்குப் போனார் நிதியமைச்சர் மைக்கேல் நூனன். நாடாளுமன்றமும் 93க்கு 36 என்று ஆதரித்தது.

இதைக் கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. 12.5% வரியைக் காட்டி பன்னாட்டு நிறுவனங்களை அழைத்து வந்த நாடு, தன் வரித்துறை கொடுத்த கடிதத்தைத் தானே கைவிட்டால் அடுத்த நிறுவனம் எதை நம்பி வரும்?

ஆனால் சிக்கல் கடிதம் கொடுத்ததில் இல்லை, அந்தக் கடிதம் ஒப்புக்கொண்ட, லாபத்தைப் பிரித்த விதத்தில் இருந்தது. ஆப்பிளின் அந்த இரண்டு துணை நிறுவனங்களும் அயர்லாந்தில் பதிவானவை, ஆனால் நிர்வாகம் வெளியே நடக்கிறது என்பதால் வரிக்கணக்கில் அந்நாட்டு நிறுவனங்கள் (வரிவாசி) இல்லை, அயர்லாந்துக் கிளையின் லாபத்துக்கு மட்டும் அங்கே வரி, மிச்சமெல்லாம் 'தலைமை அலுவலகத்துக்கு'. அந்தத் தலைமை அலுவலகம் எங்கே என்று கேட்டால் எந்த நாட்டிலும் இல்லை. ஊழியரும் இல்லை, கட்டடமும் இல்லை. 2011இல் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 1,600 கோடி யூரோ லாபம், அதில் அயர்லாந்தில் வரி போடப்பட்டது ஏறத்தாழ 5 கோடி லாபத்துக்கு மட்டும். போர்டு மினிட்ஸை (இயக்குநர் கூட்டக் குறிப்புகளை) புரட்டிய ஆணையத்துக்குக் கிடைத்தது டிவிடெண்ட், இயக்குநர் அறிக்கைக்கு ஒப்புதல் போன்ற சடங்குகள்தான். இத்தனை லாபத்தை ஈட்டித் தரும் முடிவு எதுவும் அதில் இல்லை.

2018இலேயே வட்டியோடு பணத்தை வசூலித்துத் தனிக்கணக்கில் போட்டாயிற்று. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றம் அயர்லாந்து பக்கம் நின்றது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆணையம் சொன்னதே சரி என்று முடித்துவிட்டது. வேண்டாம் என்ற பணம் கஜானாவுக்கு வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கொடுத்த அரசே கூண்டில் ஏறி "நாங்கள்தான் கொடுத்தோம், சரியாகத்தான் கொடுத்தோம்" என்று சொல்லியும் நிறுவனம் தப்பவில்லை. ஐரோப்பாவில் ஆணையம் முதலில் கேள்வி கேட்ட நாளிலிருந்து பத்து வருடம் பின்னோக்கி அரசு உதவியைப் பிடிக்கலாம்; இந்த வழக்கில் 2003 முதல் 2014 வரையிலான வரியைப் பிடித்தார்கள். அங்கே கம்பெனி வைத்திருக்கிறீர்களா? சரி, பழைய முன்தீர்ப்பை வெளியே எடுங்கள். அதில் எழுதியிருக்கும் வேலையை இன்று யார், எந்த ஊரில் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று போர்டு மினிட்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.