தசைக்குள் எலும்பு முளைக்கும் நோயும் அதற்கு மருந்து தேடும் கணக்கும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை விழுந்து முதுகில் வீக்கம் கண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் கோடாலித் தைலம். அடங்கவில்லை என்றால் சுளுக்கு எடுக்கும் பாட்டியிடம் கூட்டிப்போய் அழுத்தி உருவிவிடுவார்கள். அதற்கும் மசியவில்லையா, டவுன் கிளினிக்கில் ஓர் ஊசி. அப்புறமும் கட்டி கரையாவிட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதனை. பெரும்பாலான வீக்கங்களுக்கு இதனால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. ஆனால் ஒரு நோயில் மட்டும் அழுத்தி உருவுவது, தசையில் ஊசி போடுவது, சதையை வெட்டுவது ஆகிய மூன்றும் ஆபத்தானவை. காயம்பட்ட தசை அங்கேயே எலும்பாக மாறிவிடும்.

அந்த நோயின் பெயர் வாயில் நுழையாது: ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகான்ஸ் புரொகிரசிவா. மருத்துவர்களே எஃப்.ஓ.பி. என்றுதான் சொல்கிறார்கள். பத்து முதல் இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணிப்பு. மலேசியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், நாடு முழுவதும் 17 முதல் 34 பேர். நம் ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். இருந்தாலும் இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இந்த நோயைப் பிறந்த அன்றே கண்டுபிடிக்க முடியும். இன்னொன்று, இதற்கு மருந்து தேடிய கதையில், ஒரு மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதன் உள்விவகாரம் அத்தனையும் வெளியே தெரிகிறது. சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் நடந்த சோதனைகளில் அது நம் கண்ணுக்குப் படுவதே இல்லை.

முதலில் நோய். பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும், கால் பெருவிரல்களைத் தவிர. இரண்டு கால்களிலும் பெருவிரல் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து இருக்கும். கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளிடமும் இந்த அடையாளம் உண்டு. பெரும்பாலும் பத்து வயதுக்குள் கழுத்திலோ முதுகிலோ திடீரென்று வலியோடு வீக்கம் வரும். வாரக்கணக்கில் இருந்துவிட்டு அடங்கும். அடங்கிய இடத்தில் எலும்பு இருக்கும். கழுத்து, முதுகு, தோள், பிறகு இடுப்பு, முழங்கால் என்று மேலிருந்து கீழாக மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். நாக்கு, கண்ணை அசைக்கும் தசைகள், உதரவிதானம், இதயம் ஆகியவற்றை மட்டும் நோய் தொடுவதில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1933-இல் பிறந்த ஹாரி ஈஸ்ட்லாக், 40 வயது நிறையுமுன் 1973-இல் இறந்தபோது அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. அவர் விருப்பப்படியே எலும்புக்கூடு ஆய்வுக்குத் தரப்பட்டது. அந்நகரின் முட்டர் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். மற்ற எலும்புக்கூடுகளைக் கம்பி போட்டுக் கோத்து நிறுத்துவார்கள். இவருடையது பெருமளவு தானாகவே ஒரே துண்டாக நிற்கிறது.

இப்படி முளைப்பதைச் சுண்ணாம்புப் படிவு என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே மஜ்ஜையோடு கூடிய அசல் எலும்பு அது. தவறான இடத்தில் வந்த சரியான எலும்பு. அறுவை செய்து எடுத்தால் அந்தக் காயமே அடுத்த எலும்புக்கு விதையாகிவிடும்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வு 138 நோயாளிகளின் அனுபவத்தைத் திரட்டியது. அவர்களில் 87 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்றுதான் சொல்லியிருந்தார்கள், பலருக்குப் புற்றுநோய் என்று. மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையில்லாமல் சதைவெட்டுச் சோதனை போன்றவை நடந்திருந்தன. ஏறக்குறைய பாதிப்பேர், செய்யக்கூடாத அந்தச் சோதனையாலும் சிகிச்சையாலும் நிரந்தரமாக ஏதோ ஓர் அசைவை இழந்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் கிளினிக்கிலும் பெருவிரல் இப்படி இருக்கும் குழந்தையை மரபணு மருத்துவரிடம் அனுப்பலாம். கோலாலம்பூர் மருத்துவமனையில் அதற்கென்றே துறை இருக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுப்பதில் இந்த நோயாளிகளுக்குக் கேடில்லை, தசைக்குள் போடும் ஊசிதான் சிக்கல். இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசியே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! எஃப்.ஓ.பி. உள்ளவர்களுக்கே தோலுக்கடியில் போடக்கூடிய தடுப்பூசிகளை, வீக்கம் இல்லாத காலம் பார்த்துப் போடுகிறார்கள்.

சரி, தசை ஏன் எலும்பாகிறது? எலும்பு வளரச் சொல்லும் ஒரு கட்டளை உடம்பில் இருக்கிறது என்பது 1965-இல் தெரியவந்தது. மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். அங்கே புது எலும்பு முளைத்தது. அந்தக் கட்டளையைக் கொண்டுசெல்லும் புரதங்களுக்கு பி.எம்.பி. என்று பெயர். உயிரணுவின் மேல்பரப்பில் அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஐலீன் ஷோர், ஃபிரெடரிக் கேப்லன் குழுவினர், எஃப்.ஓ.பி.-யின் காரணம் அந்த ஏற்பிகளில் ஒன்றை உருவாக்கும் ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் இருப்பதைக் கண்டார்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 206-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற இன்னொன்று. உலகம் முழுக்க நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் அதே மாற்றம்.

அந்த ஒரு மாற்றம் என்ன செய்கிறது என்பது தெளிய இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. காயம்பட்ட இடத்தில் சுரக்கும் ஆக்டிவின் ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. இயல்பான ஏற்பியில் அது போய் உட்கார்ந்தால் எலும்புக் கட்டளை எதுவும் கிளம்பாது. ஏற்பியைச் சும்மா அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மாறிய ஏற்பியோ ஆக்டிவினையும் பி.எம்.பி. என்றே எடுத்துக்கொள்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வேலைக்குக் கிளம்ப வேண்டிய ஆள், ரோட்டில் போகிற யார் குரல் கொடுத்தாலும் கத்தியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனத்து ஆய்வாளர்கள் 2015-இல் இதை எலிகளில் காட்டினார்கள். ஆக்டிவின் ஏ-யைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்ததும், அந்த எலிகளில் புது எலும்பு முளைப்பது நின்றது.

எலியில் நின்றது மனிதரில் நிற்குமா என்று பார்ப்பதில்தான் கதை சூடுபிடிக்கிறது. வழக்கமான மருந்துச் சோதனையில் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எஃப்.ஓ.பி.-யில் இதற்கு இரண்டு தடைகள். உலகத்திலேயே அடையாளம் காணப்பட்ட நோயாளிகள் ஆயிரம் பேர் அளவில்தான், இதில் எத்தனை பேரைத் திரட்டுவது? அதைவிட, வெற்று மாத்திரை வாங்கும் பிள்ளைக்குச் சோதனைக் காலத்தில் தோள் பூட்டிக்கொண்டால், அது ஆயுள் முழுக்கப் பூட்டியதுதான். பின்னால் மருந்து கொடுத்து அதைத் திறக்க முடியாது.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். 2014-இல் தொடங்கி, எந்த மருந்தும் கொடுக்காமல் 114 நோயாளிகளை மூன்றாண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சில் உடம்பை சி.டி. ஸ்கேன் எடுத்து, புதிதாக எத்தனை கன சென்டிமீட்டர் எலும்பு வந்திருக்கிறது என்று அளந்தார்கள். நோய் அதன் போக்கில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் பதிவு. பிறகு பாலோவரோட்டீன் என்ற மருந்தை 107 பேருக்கும் கொடுத்து, அவர்களை இந்தப் பதிவோடு ஒப்பிட்டார்கள். வெற்று மாத்திரை யாருக்கும் இல்லை.

பாலோவரோட்டீன் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது, முதலில் நுரையீரல் நோய்க்காக உருவாக்கப்பட்டது. எஃப்.ஓ.பி.-யில் தசை நேரடியாக எலும்பாவதில்லை. முதலில் குருத்தெலும்பு உருவாகி, அது எலும்பாகிறது. குருத்தெலும்பு உருவாகும் அந்தப் படியை மருந்து தடுக்கிறது. இதில் ஓர் இக்கட்டு ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் உயரமாவதே கை கால் எலும்புகளின் முனையில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகளால்தான். கெட்ட குருத்தெலும்பைத் தடுக்கும் மருந்து நல்லதையும் விட்டுவைக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன. 2019 டிசம்பரில், 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. நோய் வேகமாகத் தாக்குவதே அந்த வயதில்தான் என்பதை நினைத்தால் எவ்வளவு கசப்பான முடிவு அது!

அடுத்த மாதமே இன்னோர் அடி. இடைக்காலக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில், இந்தச் சோதனை வெற்றிபெற வாய்ப்பில்லை என்று விடை வந்தது. மருந்து கொடுப்பது மொத்தமாக நின்றது. பிறகுதான் கணக்கின் உள்ளே இருந்த ஒரு படி கண்ணில் பட்டது. எலும்பின் அளவுகளை நேரடியாக ஒப்பிடாமல், அவற்றின் வர்க்கமூலத்தை எடுத்து ஒப்பிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். சிலருக்கு மிக அதிகமாகவும் பலருக்கு மிகக் குறைவாகவும் எலும்பு வருவதால், எண்களைச் சமன்படுத்தப் புள்ளியியலில் இப்படிச் செய்வது புதிதல்ல.

அது என்ன செய்துவிடும் என்பதற்கு நானே ஒரு கணக்குச் சொல்கிறேன். எண்கள் கற்பனை. மருந்து இல்லாத இருவரில் ஒருவருக்கு 100, இன்னொருவருக்கு 0. மருந்து எடுத்த இருவரில் ஒருவருக்கு 36, இன்னொருவருக்கு 4. நேராகக் கூட்டினால் 100 என்பது 40 ஆகியிருக்கிறது, 60 சதவீதம் குறைவு. வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் மருந்து இல்லாதவர்களுக்கு 10, மருந்து எடுத்தவர்களுக்கு 6-உம் 2-உம் சேர்ந்து 8. வெறும் 20 சதவீதம்! பெரிய எலும்பு தடுக்கப்பட்டதை அந்தக் கணக்கு சிறிதாக்கிவிட்டது. நோயாளிக்கோ அந்தப் பெரிய எலும்புதான் முக்கியம்.

வர்க்கமூலம் இல்லாமல் மறுபடி பார்த்தபோது பலன் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்ற கணக்கின்படி, ஆண்டுக்குப் புதிதாக வரும் எலும்பு சராசரியாக 20.3 கன சென்டிமீட்டரிலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில், 8 வயது நிறைந்த பெண்களுக்கும் 10 வயது நிறைந்த ஆண்களுக்கும் அது அனுமதி கொடுத்தது. கனடா ஏற்கெனவே 2022-இல் அனுமதித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ அதே 2023-இல் மறுத்துவிட்டது. முதலில் குறித்த கணக்கில் தோற்றுவிட்டு, முடிவு கையில் வந்தபிறகு கணக்கை மாற்றினால் எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் ஐரோப்பியர்களின் கண்டிப்பை வீண் பிடிவாதம் என்று தள்ள மனம் வரவில்லை. விடை பிடிக்கவில்லை என்றால் கணக்கை மாற்றலாம் என்ற வாசலைத் திறந்துவிட்டால் உதவாத மருந்துகளும் அதே வழியாக உள்ளே வந்துவிடும்.

ஆக்டிவினை முடக்கும் எதிர்ப்புரதத்துக்கு காரெட்டோஸ்மாப் என்று பெயர். இதை வெற்று மருந்தோடு ஒப்பிட்டே, 44 பெரியவர்களிடம் சோதித்தார்கள். புதிதாக எலும்பு முளைத்த இடங்கள் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. ஆனால் சோதனையில் சேர்ந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள், 2020 அக்டோபரில் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்தால்தான் இறந்தார்கள் என்று நிறுவப்படவில்லை. எஃப்.ஓ.பி. உள்ளவர்களின் மார்புக்கூடு இறுகிப்போவதால் சாதாரணச் சளிக்காய்ச்சலே உயிரை எடுத்துவிடும். இருந்தாலும் 44-இல் ஐந்து என்பதை யாரும் தாண்டிப் போக முடியாது. மருந்தை அளவு மாற்றி மறுபடி சோதித்தார்கள். மூன்றாம் கட்டத்தின் முடிவை 2025-இல் அறிவித்தபோது, புதிய எலும்புகள் குறைந்த வீதம் முன்போலவே 90-ஐ ஒட்டி இருந்தது, உயிரிழப்பு இல்லை. அதில் சேர்ந்தவர்களும் பெரியவர்கள்தான்.

பாலோவரோட்டீன் கிடைக்காத பிள்ளைகளுக்கு வீக்கம் தொடங்கினால் இப்போதைக்கு மருத்துவர்கள் கையில் இருப்பது, 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து நான்கு நாள் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. மாறிய ஏற்பியையே நேராக அடைக்கும் மாத்திரைகள் வேறு சில சோதனையில் இருக்கின்றன. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட சரகாட்டினிப் அவற்றில் ஒன்று. இவை எதற்கும் ஒப்பிடுவதற்கு, மருந்து எடுக்காதவர்களின் பதிவு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த நோயாளிகள் 1988-இல் தாங்களாகவே தொடங்கிய சர்வதேசச் சங்கம் 2015 முதல் அதற்கென ஓர் இணையப் பதிவேட்டை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். எந்த வயதில் எந்த மூட்டு பூட்டியது, அதற்கு முன் என்ன அடிபட்டது என்பதை நோயாளியோ பெற்றோரோ வீட்டிலிருந்தே எழுதிவைக்கலாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத தோட்டத்துப் பிள்ளையின் விவரமும் இப்படி அந்தப் பதிவில் சேரும்.