உடல் பருமன், மனச்சோர்வு: சொல் விளக்கம்

பருத்தல் என்றால் பெரிதாதல். 'பரு' என்னும் அடியிலிருந்து பருமை, பருமன், பரிய ஆகியவை கிளைத்தன. 599-ஆம் குறள் யானையைப் 'பரியது' என்கிறது. 'நெல்லிக்காய்ப் பருமன்' என்னும்போது அது வெறும் அளவு. பழி ஏதும் இல்லை. ஆங்கில 'ஒபிசிட்டி' அப்படியல்ல. அதன் லத்தீன் மூலமான 'ஒபேசுஸ்' உண்டு கொழுத்தவரைக் குறிக்கும். குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'உடல் பருமன்' என்பதையே நான் உயர்வாகக் கருதுகிறேன். வகுப்பறையில் ஒலிக்கும் 'குண்டு'வும் 'ஊளைச்சதை'யும் வசைகள். செல்லமாகக்கூடச் சொல்ல வேண்டாம். மருத்துவத்தில் இது கண்மதிப்பும் அன்று. 5 முதல் 19 வயது வரை, வயதுக்கேற்ற உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) உலகச் சுகாதார அமைப்பின் நடுமதிப்பைவிட 2 திட்ட விலக்கத்துக்கு (மதிப்புகள் சிதறியிருப்பதை அளக்கும் அலகு) மேல் இருந்தால்தான் உடல் பருமன்.

'டிப்ரஷன்' என்பதன் லத்தீன் வேர், கீழே அழுத்துதல். தமிழில் பலர் 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு உரியது. தேர்வுக்கு முந்தைய நாள் வந்து, தேர்வு முடிந்ததும் போவது. நோய்க்கு உரிய சொல் மனச்சோர்வு: குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி நீடிப்பது. பிள்ளைகளிடம் அது துயரமாகவே வெளிப்பட வேண்டியதில்லை. எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வரலாம். பெற்றோர் அதைத் திமிர் என்று எண்ணிவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது? அமெரிக்காவில் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த 9,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. தொடக்கத்தில் சோர்ந்த மனநிலையில் இருந்தவர்களுக்குப் பின்னர் உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. பருமனால் அந்த ஓராண்டுக்குள் சோர்வு கூடியதாக அதில் தெரியவில்லை. 2010-இல் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் பெரியவர்களிடம், இரு திசையும் உறுதியானது: பருமனுள்ளவருக்குச் சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடும், சோர்வுள்ளவருக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடும் அதிகம்.

இரு திசைக்கும் காரணங்கள் பல. கொழுப்புத் திசு, உடலில் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது; அவை மனநிலையையும் பாதிக்கலாம். கெட்ட தூக்கமும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் பசியை மாற்றுகின்றன. இவற்றோடு கேலியும் சேர்கிறது. கேலிக்கு அஞ்சும் பிள்ளை விளையாட்டுத் திடலைத் தவிர்க்கிறது, தனியே உண்கிறது, மேலும் பருக்கிறது. மனநல மருந்துகள் சிலவும் எடையைக் கூட்டும். ஆகவே எடைக்காக வரும் பிள்ளையிடம் தூக்கம், பள்ளி, நண்பர்கள் பற்றியும், சோர்வுக்காக வரும் பிள்ளையிடம் உணவு, எடை பற்றியும் மருத்துவர் கேட்டாக வேண்டும்.