மூன்றே நாளில் முடிந்துபோகும் கேமுக்குக் காசு கொடுக்கலாமா?

"நீ சொன்னேன்னுதான் காசு கொடுத்து வாங்கினேன். மூணே நாள்ல முடிச்சிட்டு அடுத்தது வேணும்னு நிக்கிறான். இதுக்கா அவ்வளவு?" என்று அக்கா போனில் கேட்டாள். பெரியம்மா மகள். அவளுடைய பத்து வயதுப் பையன் ஓர் இலவச கேமிலேயே எந்நேரமும் கிடக்கிறான் என்று போன மாதம் புலம்பினாள். அதை அழித்துவிட்டு, விலை கொடுத்து வாங்கும் ஒரு புதிர் கேமைப் போட்டுக் கொடு என்று சொன்னவன் நான்தான். அவள் கேட்ட கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடையில் ஆயிரக்கணக்கான கேம்கள் சும்மா கிடைக்கும்போது ஒன்றுக்கு மட்டும் எதற்கு விலை கொடுக்க வேண்டும்?

பதினொரு வருஷமாக மொபைல் கேம் வடிவமைப்புதான் என் தொழில். முதல் ஆறு வருஷம் இலவச கேம்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். அதன்பிறகு, ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் கேம்களைச் செய்யும் சிறு குழு ஒன்றுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய நிறுவனத்தில் என் முழுநேர வேலை ஒரு எக்செல் ஷீட்டில்தான் நடந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு வரி: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தடவை தோற்றார்கள், எத்தனை பேர் காசு கட்டினார்கள், எத்தனை பேர் கேமையே அழித்துவிட்டுப் போனார்கள். 37-வது லெவல் இன்னும் நினைவிருக்கிறது. சராசரியாக நாலு தடவை முயன்றால் ஜெயித்துவிடலாம். அது போதாது, பதினொன்றுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். புதிரை நான் தொடவே இல்லை. கொடுத்திருந்த நகர்த்தல்களில் இரண்டைக் குறைத்தேன், மேலிருந்து விழும் நிறங்களின் விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினேன். அதோடு, தோற்பவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருக்கும்போது தோற்கும்படி பார்த்துக்கொண்டேன். பத்துக் கட்டம் பாக்கி இருந்தால் ஆள் போனைக் கீழே வைத்துவிடுவார். ஒன்று மட்டும் பாக்கி என்றால் மனசு கேட்காது. சரியாக அந்த நொடியில் "இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா?" என்று திரை கேட்கும்.

அந்த வாரம் 37-வது வரியில் வருமானம் ஏறியது. எனக்குப் பாராட்டு கிடைத்தது. லெவல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த ஷீட்டில் இடமும் இல்லை.

இலவச கேமை ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஒரு பைசாகூடக் கட்டமாட்டார்கள். வருமானத்தின் பெரும்பகுதி மிகச் சிறிய ஒரு கூட்டத்திடமிருந்து வருகிறது. தொழிலில் அவர்களைத் திமிங்கிலம் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை மீட்டிங்கில் நானும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள், எங்கள் கேமில் ஏராளமாகச் செலவழித்த ஒருவர் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. "தயவுசெய்து என் கணக்கை மூடிவிடுங்கள், என்னால் நிறுத்த முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

காயின், டயமண்ட் எல்லாம் எதற்கு, நேரடியாகப் பணத்தில் விலை போட்டால் என்ன என்று கேட்பார்கள். நேரடியாகப் போட்டால் மனசு கணக்குப் போட்டுவிடும். ஒரு வாளுக்கு 80 டயமண்ட் என்று வைத்துவிட்டு, டயமண்டை 50, 120 என்ற பொட்டலங்களாக மட்டும் விற்றால் கையில் 20-ஓ 40-ஓ மிச்சம் நிற்கும். மிச்சம் இருப்பதை வீணாக்க யாருக்கும் மனசு வராது, அடுத்த பொட்டலத்தை வாங்குவார்கள். ஐந்து லைஃப் தீர்ந்ததும் அரைமணி நேரம் காத்திரு என்பதும் இதே ஜாதி. அந்தக் காத்திருப்பு ஆட்டத்துக்குத் தேவையே இல்லை. விற்பதற்காகவே அதை உண்டாக்குகிறோம்.

விலை கொடுத்து வாங்கும் கேம்களுக்கு வந்த பிறகு என் முதல் மீட்டிங்கில் நடந்ததைச் சொல்கிறேன். நான் போட்ட ஒரு லெவலைப் பார்த்துவிட்டு, "இதில் ஆடுகிறவர் புதிதாக என்ன கண்டுபிடிக்கிறார்?" என்று கேட்டார்கள். யோசித்தேன். ஒன்றும் இல்லை, முந்தைய லெவலையே கொஞ்சம் நீட்டியிருந்தேன். "அப்போ எடுத்துடலாம்" என்றார்கள். அன்றைக்கு மட்டும் ஆறு லெவல் போயிற்று. காசு முன்னாலேயே வந்துவிட்டதால் ஆளை நாள்கணக்கில் பிடித்துவைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கலாம். இலவச கேமுக்கு அந்த உரிமை கிடையாது. அது முடிந்தால் வருமானமும் முடிந்துவிடும்.

பையன் மூன்று நாளில் முடித்துவிட்டான் என்பது அக்காவுக்குக் குறையாகப் பட்டது. எனக்கு அதுதான் வாங்கிய பொருளின் தரம். இத்தனை காசுக்கு இத்தனை மணிநேரம் என்று வகுத்துப் பார்க்கிற கணக்கு எனக்குச் சரியாகவே படுவதில்லை. அந்தக் கணக்கில் 37-வது லெவலில் ஒரு மாதம் சிக்கிக் கிடப்பதுதான் பெரிய லாபமாகத் தெரியும்.

இந்தக் கணக்கு நல்ல கேம்களையும் விட்டுவைக்கவில்லை. 2014 ஏப்ரலில் வந்த மான்யுமென்ட் வேலிக்கு விலை 3.99 டாலர். பத்தே அத்தியாயம், ஒன்றிரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும். கண்ணை ஏமாற்றும் கட்டடங்கள் வழியாக ஒரு சிறுமியை நடத்திப் போகும் அந்த கேமில் தேவையற்ற ஒரு திருப்பம்கூடக் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் கூடுதல் அத்தியாயங்களை 1.99 டாலருக்குக் கொடுத்தபோது, இதற்கும் காசா என்று ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. 2015 ஜனவரியில் அதை உருவாக்கிய நிறுவனம் ஒரு விவரத்தை வெளியிட்டது: ஆண்ட்ராய்டில் நிறுவப்பட்ட பிரதிகளில் 5 சதவீதத்துக்கும் ஐஃபோனில் 40 சதவீதத்துக்கும் மட்டுமே காசு வந்திருந்தது. ஒருவரே இரண்டு மூன்று கருவிகளில் போட்டுக்கொள்வதும் அதில் அடக்கம் என்று அவர்களே சொன்னார்கள். அதைக் கழித்தாலும் நிலைமை இதுதான்.

எண்களை நகர்த்திச் சேர்க்கும் திரீஸ் என்ற புதிர் கேமின் கதை இன்னும் வலிக்கும். ஒரு சிறு குழு 14 மாதம் செதுக்கி, 2014 பிப்ரவரியில் 1.99 டாலருக்கு வெளியிட்டது. மார்ச்சில் அதே சாயலில் 2048 என்ற கேம் இலவசமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. பலர் திரீஸைத்தான் நகல் என்று நினைத்தார்கள். நிண்டெண்டோவும் தப்பவில்லை. 2016 டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன்னின் தொடக்க லெவல்களை இலவசமாகக் கொடுத்து, மீதி முழுவதற்கும் ஒரே விலையாக 9.99 டாலர் வைத்தது. எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில மாதத்தில் அதே நிறுவனம் விட்ட ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் இலவசம்தான், ஆனால் கதாபாத்திரங்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். அது பல மடங்கு சம்பாதித்தது. நல்ல கேம்கள் ஏன் இப்போது அதிகம் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்காக, விலை போட்டதெல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். 2014 ஆகஸ்டில் பயோஷாக் 14.99 டாலருக்கு ஐஃபோனுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, ஐஃபோனை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருள் மாறியதும் ஓடாமல் போய் கடையிலிருந்தும் எடுக்கப்பட்டது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32-பிட் என்ற பழைய முறையில் எழுதிய கேம்கள் மொத்தமாக நின்றுபோயின. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் எதுவும் இல்லை. மொபைலில் நாம் வாங்குவது பெரும்பாலும் ஆடுவதற்கான அனுமதியை மட்டும்தான். அதனால் ஒரு கேமை வாங்குமுன் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்க்கிறேன். மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை என்றால், எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் யோசிப்பேன்.

விலையும் வாங்கிக்கொண்டு உள்ளே டயமண்டும் விற்கிற கேம்தான் இருப்பதில் மோசமானது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆப் ஸ்டோரில் கேமின் பக்கத்தைக் கீழே தள்ளினால் இன்-ஆப் பர்சேஸ், அதாவது கேமுக்குள்ளே விற்பவற்றின் பட்டியல் விலையோடு இருக்கும். கூகுள் பிளேயிலும் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 'முழு கேம்' என்றோ, ஓர் அத்தியாயத்தின் பெயரோ மட்டும் இருந்தால் பயமில்லை. 'டயமண்ட் பை', 'டயமண்ட் பெட்டி', 'டயமண்ட் பெட்டகம்' என்று விலை ஏறிக்கொண்டே போனால் வேண்டாம். வாங்கியதும் ஏரோபிளேன் மோடில் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். தனியாக ஆடும் புதிர் கேம் நெட் இல்லாமல் திறக்கவே மறுத்தால், சர்வரை நிறுத்துகிற அன்றைக்கு அதுவும் நின்றுவிடும். பிடிக்கவில்லை என்றால் கூகுள் பிளேயில் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆப்பிளிலும் காரணம் சொல்லிக் கேட்க வழி உண்டு.

ஸ்டார்டியூ வேலி போன்றவை அபூர்வம். ஏறக்குறைய ஒரே ஆள் உருவாக்கிய விவசாய கேம். மொபைலுக்கு 2018-ல் வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய அப்டேட்டுகளுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, உள்ளே கடையும் கிடையாது.

பிள்ளைகள் கையில் போன் இருக்கிற வீடுகளுக்கு இன்னும் ஒன்று. அமெரிக்காவில் 2014-ல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. காரணம், அப்போது பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டால் அடுத்த சில நிமிஷங்களுக்குத் திரும்பக் கேட்காது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் தட்டித் தட்டி வாங்கியிருந்தார்கள். 2022-ல் ஃபோர்ட்நைட்டின் எபிக் நிறுவனமும், தெரியாமல் வாங்கவைக்கும் திரை வடிவமைப்புக்காக 24.5 கோடி டாலர் திருப்பித் தர வேண்டிவந்தது. பிள்ளை மேல் கோபப்படுவதற்கு முன், அந்தப் பட்டனை எந்த இடத்தில் வைப்பது என்று பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அக்காவிடம், அடுத்ததை உடனே வாங்க வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். முதல் வாரம் அந்தப் பழைய கேம் வேண்டும் என்று அடம்பிடித்தானாம். இப்போது கேட்பதில்லை. குடும்பப் பகிர்வைப் போட்டு, அவன் முடித்த அதே கேமைத் தங்கையின் டேப்லெட்டிலும் இறக்கிக் கொடுத்தோம், கூடுதலாக எதுவும் கட்டாமல். அவள் ஏழாவது லெவலில் நிற்கிறாள். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "விடையைச் சொல்லாதே, போ" என்று விரட்டுகிறாளாம்.