சிகிச்சை தருபவரிடமே நீதிமன்ற அறிக்கை கேட்காதீர்கள்

"இத்தனை நாளாக உங்களிடம்தான் வருகிறோம். உங்களைவிட இவரைப் பற்றி யாருக்குத் தெரியும்? கோர்ட்டுக்கு ஒரு அறிக்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்." மனநலச் சிகிச்சை தரும் என்னிடம், குற்ற வழக்கில் சிக்கியவருக்காக அடிக்கடி வரும் வேண்டுகோள் இது. மறுத்தால் குடும்பத்தினர் முகம் வாடிவிடும். ஆனாலும் மறுத்துத்தான் ஆகவேண்டும்.

சிகிச்சை அறையில் ஒருவர் சொல்வதை நான் துருவிச் சரிபார்ப்பதில்லை. அவர் பக்கம் நின்று அவரைத் தேற்றுவதுதான் அங்கே என் வேலை. நீதிமன்றத்துக்கு எழுதும்போது அதே ஆளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும்.

கிளினிக்கல் சைக்காலஜி படித்தவருக்கு நோயைக் கண்டறியத் தெரியும். தடயவியல் மதிப்பீட்டுக்கு, அதாவது நீதிமன்றத்துக்காக ஒருவரின் மனநிலையை மதிப்பிடுவதற்கு, அது போதாது. சட்டம் என்ன கேட்கிறது என்று புரிய வேண்டும். மனநிலையைக் காரணம் காட்டி ஒருவரைக் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாமா என்று பார்க்க 1843இல் இங்கிலாந்தில் உருவான மெக்நாட்டன் விதிகள் நோயின் பெயரைக் கேட்கவில்லை. மனக்கோளாறால், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறியாத நிலையில் குற்றம் நடந்தபோது அவர் இருந்தாரா என்றுதான் கேட்டன. பல நாடுகளின் சட்டத்தில் இன்றும் அதன் சாயல் உண்டு. மனச்சிதைவு இருந்தும் தவறு என்று தெரிந்தே செய்தவர் இருக்கலாம். குற்றம் நடந்த அன்று தெளிவாக இருந்தவர், இன்று வழக்கு நடப்பதையே புரிந்துகொள்ள முடியாத நிலையிலும் இருக்கலாம். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இன்றைய நிலையை நேரில் பார்க்கலாம். அன்றைய நிலைக்குப் பழைய மருத்துவக் குறிப்பு, காவல்துறை ஆவணம், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும்.

சரி, நோய் இருப்பதுபோல் நடிக்கிறாரா என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்பவரை நான் நம்பமாட்டேன். அதற்கென்றே சோதனைகள் உண்டு. (பெயர் சொல்லமாட்டேன், முன்பே தெரிந்தால் சோதனை கெட்டுவிடும்.) ஒருவகையில், 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து முன்பு பார்த்தது எது என்று கேட்போம். ஒன்றுமே நினைவில்லாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஏறக்குறைய 25 சரியாக வரும். ஒருவர் 12 மட்டும் எடுத்தால், விடை தெரிந்தே தவிர்க்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. அதற்காக அவருக்கு நோயே இல்லை என்று எழுதிவிட முடியாது. உண்மையான நோயாளியும் பயத்தில் மிகைப்படுத்துவார். ஒரு சோதனையை வைத்து மட்டும் முடிவெழுதிய அறிக்கை குறுக்கு விசாரணையில் தாங்காது.

நீதிமன்றம் கேட்டுச் செய்யும் மதிப்பீட்டில், உட்கார்ந்ததும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "இங்கே பேசுவது ரகசியமாக இருக்காது; நான் உங்களுக்குச் சிகிச்சை தரவில்லை." தலையாட்டுவார்கள். அப்புறம் சற்று நேரத்தில் மனம்விட்டுப் பேசத் தொடங்குவார்கள். அப்போது நிறுத்தி இன்னொரு தடவை சொல்ல வேண்டும். பயிற்சியில் எனக்குக் கடினமாக இருந்தது இதுதான்.

சிகிச்சை தருபவரிடம் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: எப்போதிலிருந்து வருகிறார், என்ன நோய், என்ன சிகிச்சை என்ற குறிப்பு. அதைத் தரலாம். குற்றம் நடந்தபோது மனநிலை எப்படி இருந்தது என்பதை, அவரோடு முன்பின் தொடர்பில்லாத, இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்கட்டும்.