இரட்சிப்பு: காப்பா, மீட்பா, உய்வா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரே வரிசை வீடுகளில் வாழும் கிறிஸ்தவர்கள், ஒரே செய்திக்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் ‘மீட்பு’ என்பார்கள். மெதடிஸ்டு, லுத்தரன் சபையார் ‘இரட்சிப்பு’ என்பார்கள்.

‘இரட்சிப்பு’, காத்தல் என்று பொருள்படும் ‘ரக்ஷ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பதால் முன்னே இகரம் சேர்ந்தது; ‘க்ஷ’ என்பது ‘ட்ச’ ஆயிற்று. குழந்தையின் கையில் மந்திரித்துக் கட்டும் இரட்சையும் அதே வேரில் பிறந்ததுதான். அதற்குத் தமிழில் ‘காப்பு’ என்று பெயர் இருப்பதே பொருளைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘சோத்தேரியா’ காவலோடு நின்றுவிடுவதில்லை. புயலில் சிக்கிய சீடர்கள் ‘ஆண்டவரே, எங்களை இரட்சியும்’ என்று கதறும் இடத்திலும் (மத்தேயு 8:25), பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணிடம் இயேசு ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்று சொல்லும் இடத்திலும் (மாற்கு 5:34) மூலத்தில் இருப்பது ஒரே வினைச்சொல். கரைசேர்ப்பதும் குணமாக்குவதும் அதற்குள் அடங்கும். மலாய் மொழியிலும் இந்த அகலம் உண்டு. செம்பனை ஆலை வாயிலில் ‘உத்தாமாக்கான் கெசெலாமாத்தான்’ என்று எழுதியிருக்கும் பலகையில் பாதுகாப்பைக் குறிக்கும் ‘கெசெலாமாத்தான்’ என்ற சொல்லே மலாய் விவிலியத்தில் இரட்சிப்பைக் குறிக்கிறது.

‘மீட்பு’ நல்ல தமிழ். அடகு வைத்த சங்கிலியை மீட்பது என்ற வழக்கில் விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது என்ற கருத்து தானாகவே வந்துவிடுகிறது. பவுல் ஆளும் ‘அப்போலுத்ரோசிஸ்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ‘பொம்பா’ என்னும் மலேசியத் தீயணைப்புத் துறையைத் தீயணைப்பு மீட்புப் படை என்று நாளிதழில் படிக்கும் நமக்கு ஆபத்திலிருந்து தூக்கிவிடுதல் என்ற பொருளும் பழகியதே. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த விவிலியப் பொதுமொழிபெயர்ப்பு இச்சொல்லை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு என்றே கருதுகிறேன். குறை என்றால், குணமாகிப் பிழைத்து வாழ்தல் என்ற பக்கம் இதில் மங்கலாகத்தான் தெரிகிறது. அந்தப் பக்கத்தைச் சுமக்கும் சொல் ‘உய்வு’. ‘உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்ற குறளடியில் (110) அது தப்பிப் பிழைக்கும் வழியைக் குறிக்கிறது. பேச்சில் வழங்காத சொல் என்பதால் பிரசங்கத்திற்கு உதவாது, எழுத்தில் ஆளலாம்.

இனி ‘விசுவாசம்’. ‘இரட்சிப்பு’ என்னும் சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரிசைப்படுத்தும் இடத்தில் (1 கொரிந்தியர் 13:13) பொதுமொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்கிறது. ஆகவே ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வீட்டார் இரண்டு பொருளில் படிக்கிறார்கள். கிரேக்கத்தின் ‘பிஸ்திஸ்’ நம்புவதோடு உண்மையாய் நிற்பதையும் குறிப்பதால், நாயின் விசுவாசம் என்று நாம் சொல்லும்போது வருகிற பற்றுறுதி இங்கே பயனுள்ளது. இந்த ஒன்றில் மட்டும் வடமொழிச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

‘கிரியை’யை அப்படி விட்டுவைக்க முடியாது. ஒரு துக்க வீட்டு ஜெபத்தில் ‘கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது’ (யாக்கோபு 2:26) என்று வாசித்து முடித்ததும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டு அம்மா, “நீங்களும் பதினாறாம் நாள் கிரியை செய்வீங்களா, தம்பி?” என்று கேட்டார். கருமக்கிரியை அறிவிப்புகளை நாளிதழில் நாள்தோறும் பார்ப்பவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? அன்றுமுதல் அத்தகைய வீடுகளில் ‘செயல்’ என்றே வாசிக்கிறேன்.

பவுலும் யாக்கோபும் இந்தச் செயலைப் பற்றி முரண்படுகிறார்கள் என்ற எண்ணம் பழையது. லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே 1522-இல் யாக்கோபின் மடலை வைக்கோல் நிருபம் என்றார். ஆனால் கிருபையால், விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், அது கிரியைகளால் வந்ததல்ல என்று எழுதிய பவுல், மூச்சுவிடாமல் அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறார் (எபேசியர் 2:8-10). செயல் மீட்புக்குக் கொடுக்கும் விலை அன்று. மீட்கப்பட்டவர் நடக்கும் நடை. பிலிப்பியர் 2:12-இல் ‘உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்பதும் கையில் கிடைத்துவிட்டதை வாழ்ந்து முழுமையாக்கச் சொல்வதே.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் வேறு: விடிகாலைப் பிரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், பேர் கொடுத்துவிட்டுத் தனக்குரிய மரவரிசையான நிரைக்குப் போகாதவனைத் தோட்டத்தில் எவரும் வெட்டுக்காரன் என்று சொல்வதில்லை. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீடு திரும்பும் வழியில்தான் அந்த உவமையின் ஓட்டை எனக்குப் பட்டது. நிரைக்குப் போகிறவனுக்குக் கூலி உண்டு. ரோமர் 4:4 கிருபையைக் கூலிக் கணக்கில் சேர்க்க விடுவதில்லை.