வராத தவணை வேறெங்கோ வரவாகியிருக்கலாம்

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு 2,000 வீதம் மூன்று தவணைகளாக, விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. தவணை விடுவிக்கப்பட்ட மறுநாள், நான் பணியாற்றும் ஊரக வங்கிக் கிளையில் கதவு திறப்பதற்கு முன்பே பாஸ்புக்கோடு வரிசை நின்றுவிடும்.

அப்படி வந்த பெரியவர் ஒருவருக்கு ஓராண்டாக ஒரு தவணையும் வரவாகவில்லை. "ஆதார் நகல் மூணு தடவை குடுத்துட்டேன் சார், இன்னும் என்னதான் வேணும்?" என்றார். திட்டத்தின் இணையதளத்தில் அவருடைய பதிவைத் திறந்தால் மூன்று தவணைகளும் செலுத்தப்பட்டதாகவே இருந்தது. பிறகு ஆதார் இணையதளத்தில், அவர் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கொண்டு வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. அங்கே தனக்குக் கணக்கே இல்லை என்று சாதித்தவர், சற்று நேரம் கழித்து, மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுக்க வீட்டுக்கே வந்த முகவர் சிறு கருவியொன்றில் கைரேகை வாங்கியதை நினைவுகூர்ந்தார். பாஸ்புக் தரப்படாத அந்தக் கணக்கில் 6,000 ரூபாயும் அப்படியே கிடந்தது.

வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று ஒப்புதல் தருவது வேறு; இந்த வேறுபாட்டை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் எங்கள் தரப்புக் குறைதான். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துச் செல்வதில்லை. ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கி என்ற முறையில், வங்கிகளுக்கிடையேயான மின்னணுப் பணப் பரிமாற்றத்தைக் கையாளும் என்.பி.சி.ஐ. நிறுவனம் பராமரிக்கும் பட்டியலில், கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்கே அது போகும். ஆகவே புதிய கணக்கு தொடங்கும்போது, படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒப்புதல் கட்டத்தில் குறியிடுவதற்கு முன் படித்துப் பார்ப்பதோ, படிக்கச் சொல்லிக் கேட்பதோ அவசியம்.

இணைப்பு சரியாக இருந்தும் பணம் நிற்குமானால், இ-கே.ஒய்.சி. எனும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா, நிலப் பதிவு சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னதை இ-சேவை மையத்தில் கைரேகை வைத்து முடித்துவிடலாம். பின்னதில்தான் சிக்கல்: அப்பா இறந்து பல ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே தகுதிக்கு அடிப்படை. அதற்குப் பிறகு உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், பட்டா மாற்றம் நடந்திருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை என்பது, என் பார்வையில், இதன் பெரிய ஓட்டை.

தகுதியில்லாதவரைத் தரகர் சேர்த்துவிட்டால் அதுவும் பிறகு சேர்க்கப்பட்டவர் தலையில்தான் விடியும். முந்தைய ஆண்டு வருமான வரி செலுத்தியவருக்கும் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவருக்கும், கீழ்நிலை ஊழியர் நீங்கலாக அரசுப் பணியாளருக்கும் இத்தொகை கிடையாது. 2020-இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றோர் பெருமளவில் சேர்க்கப்பட்டது வெளியானபோது, சி.பி.சி.ஐ.டி. விசாரணையோடு, கணக்கில் விழுந்த பணமும் திரும்ப வசூலிக்கப்பட்டது.

பெரியவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு இணைப்பை எங்கள் கிளைக்கு மாற்றிக்கொண்டார். பழைய கணக்கில் கிடந்த பணத்தை எடுக்க மட்டும் அந்த வங்கிக்கு அவர் இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது.